"வெள்ளைக்காரியா இருந்தாக்கூடப் பரவாயில்லை": அமெரிக்காவில் இனம் கடந்த காதல் பற்றி ஊர் பேசுவதும் கணக்கு சொல்வதும்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கும் தம்பி அங்கேயே பிறந்த கருப்பினப் பெண்ணை மணக்க விரும்புகிறான். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்த ஊர்க்காரனே ஒத்துக்கொள்ள மாட்டான், இந்த மாதிரிக் கல்யாணம் நிலைக்காது, பிள்ளைகள் எந்தப் பக்கமும் சேராது, வெள்ளைக்காரியா இருந்தாக்கூடப் பரவாயில்லை. இதில் எது உண்மை? அடுத்து என்ன செய்வது?"

ஒவ்வொன்றாக வருவோம். முதலில், அந்த ஊர்க்காரன்.

கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1958 முதல் அமெரிக்கர்களிடம் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு: கருப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை ஏற்கிறீர்களா? 1958ல் ஏற்கிறேன் என்றவர்கள் 4 சதவீதம். 1968ல் 20. 1991ல்தான் ஏற்பவர்கள் ஏற்காதவர்களை முதன்முறையாக முந்தினார்கள், அதுவும் 48க்கு 42 என்று. 2021ல் அது 94 சதவீதம். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பிரச்சினை முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

ஆனால் பியூ ஆய்வு மையத்தின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2015ல் புதிதாக மணமானவர்களில் வேறு இனத்தவரையோ ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி) போன்ற வேறு பிரிவினரையோ மணந்தவர்கள் 17 சதவீதம். 1967ல் இது 3 சதவீதமாக இருந்தது. வளர்ச்சி பெரியதுதான். ஆனாலும் ஏற்பவர் 94, செய்பவர் 17. உங்கள் தம்பி வாழப்போவது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்.

இடைவெளிக்கு ஒரு காரணம் கேள்வியிலேயே இருக்கிறது. "ஊரில் யாரோ யாரையோ கட்டிக்கொள்வதில் ஆட்சேபணை உண்டா" என்றால் இல்லை என்று சொல்லக் காசா பணமா? "உங்கள் நெருங்கிய உறவினர் ஒருவர் கருப்பரை மணந்தால்?" என்று கேட்டால் பதில் மாறும். 1990ல் கருப்பர் அல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் அதை எதிர்த்தார்கள். 2016ல் அது 14 ஆகக் குறைந்தது. நன்றாகவே குறைந்திருக்கிறது, ஆனால் மறையவில்லை. அதே கேள்வியில் 'கருப்பர்' இருந்த இடத்தில் ஆசியரையோ ஹிஸ்பானிக்கையோ வைத்தால் எதிர்ப்பு 10க்கும் கீழே. உங்கள் வீட்டில் சொல்லும் "வெள்ளைக்காரியா இருந்தாக்கூட" என்ற படிவரிசை நம் ஊரில் மட்டும் விளைந்ததல்ல.

இன்னொரு காரணம் வெறும் கூட்டல் கழித்தல். ஒரு வெள்ளையரும் ஒரு ஆசியரும் மணந்தால் இரண்டு பக்கக் கணக்கிலும் ஒவ்வொன்று ஏறும். ஆனால் வகுக்கும் எண் வேறு. வெள்ளையர் கூட்டம் மிகப் பெரியது, ஆசியர் கூட்டம் அதில் ஒரு சிறு பங்கு. அதனால் அதே திருமணங்கள் ஒரு பக்கம் பெரிய சதவீதமாகவும் மறுபக்கம் சிறிய சதவீதமாகவும் தெரிகின்றன. 2015ன் புதுமணத் தம்பதிகளில் ஆசியர் 29, ஹிஸ்பானிக் 27, கருப்பர் 18, வெள்ளையர் 11 என்று எண்கள் வந்ததில் இந்த வகுத்தலுக்கும் பங்கு உண்டு. "ஆசியர்கள் தாராள மனசுக்காரர்கள், வெள்ளையர்கள் மூடிக்கொண்டவர்கள்" என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தப்பு.

இனம் கடந்த ஜோடி என்றதும் அமெரிக்கர்களுக்கே மனதில் எழும் படம் கருப்பர்-வெள்ளையர் ஜோடிதான். சினிமாவும் செய்தியும் தீட்டிய படம் அது. உண்மையில் இப்படி மணந்தவர்களில் வெள்ளையர்-ஹிஸ்பானிக் ஜோடிகளே 42 சதவீதம். வெள்ளையர்-ஆசியர் 15. கருப்பர்-வெள்ளையர் வெறும் 11. இந்தியர்-கருப்பர் ஜோடிகள் எண்ணிக்கையில் அதைவிட எவ்வளவோ கீழே. உங்கள் தம்பியையும் அந்தப் பெண்ணையும் தெருவில் பார்ப்பவர்களுக்கு இவர்களை எந்தப் படத்தில் பொருத்துவது என்றே தெரியாது. அதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு.

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் விஷயத்தின் மையம். "மக்கள் மனசு அப்படி" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பெரும்பாலான முத்திரைகளுக்குப் பின்னால் தேதி போட்ட ஒரு சட்டம் இருக்கிறது.

1662ல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. அடிமைப் பெண்ணின் குழந்தை, தகப்பன் யாராக இருந்தாலும், அடிமை. முதலாளியே தகப்பனாக இருந்தால் அவன் சொத்தில் ஒரு தலை கூடும், அவ்வளவுதான். 1664ல் மேரிலாந்தும் 1691ல் வர்ஜீனியாவும் வெள்ளையர் கருப்பரை மணப்பதற்கு எதிராகச் சட்டம் செய்தன. சேர்ந்து படித்தால் இதன் அர்த்தம் புரியும். கருப்பினப் பெண்ணிடம் பிள்ளை பெறலாம், அவளை மனைவி ஆக்கக் கூடாது. இதை நியாயப்படுத்த ஒரு கதை தேவைப்பட்டது. கருப்பினப் பெண் காமம் மிகுந்தவள், அவளே மயக்குகிறாள் என்ற கதை அப்படிப் பிறந்ததுதான். இன்று டேட்டிங் செயலிகளில் கருப்பினப் பெண்களுக்குப் பதில் வருவது குறைவு என்று ஓக்கேகியூபிட் நிறுவனம் தன் தரவையே வைத்து 2009லும் 2014லும் எழுதியது. "சத்தக்காரி, கோபக்காரி, படுக்கைக்குச் சரி, வீட்டுக்குச் சரியில்லை" என்ற இன்றைய பேச்சுக்கு முந்நூற்றைம்பது வயது தாண்டிவிட்டது.

கருப்பின ஆண் வெள்ளைப் பெண்ணுக்கு ஆபத்து என்ற முத்திரை உள்நாட்டுப் போருக்குப் பிறகு பலமாகக் குத்தப்பட்டது. அடித்துக் கொல்லும் கும்பல்கள் சொன்ன காரணமே அதுதான். பல சமயம் குற்றச்சாட்டே பொய், உண்மைக் காரணம் தொழில் போட்டியும் பழிவாங்கலும் என்று மெம்ஃபிஸ் நகரப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1892லேயே எழுதினார். அவருடைய அச்சகத்தை உடைத்தார்கள். 1955ல் மிசிசிப்பியில் எமட் டில் என்ற 14 வயதுச் சிறுவனைக் கொன்றதும் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று சொல்லித்தான்.

ஆசியர் கதை இன்னும் விசித்திரம். 1930 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் பிலிப்பினோ பண்ணைத் தொழிலாளர்களை வெள்ளையர் கும்பல் நாள்கணக்கில் தாக்கியது. நடன அரங்குகளில் "எங்கள் பெண்களோடு" ஆடுகிறார்கள் என்பது புகார். 1933ல் ஒரு பிலிப்பினோ ஆண் நீதிமன்றம் போய், சட்டம் 'மங்கோலியரை'த்தான் தடுக்கிறது, நான் 'மலாய்' இனம் என்று வாதாடி வென்றார். கலிஃபோர்னியா சட்டசபை அதே ஆண்டு 'மலாய்' என்ற சொல்லைச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. அப்போது ஆசிய ஆண் பெண்களைக் கவர்ந்து போகிறவன். இன்னொரு பக்கம் அதே ஆசிய ஆண் 'ஆண்மை குறைந்தவன்'. சீனத் தொழிலாளர்களுக்கு மனைவியை அழைத்துவர வழியில்லாமல் 1875, 1882 சட்டங்கள் செய்தன, உள்ளூரில் மணக்கவும் தடை, சுரங்கத்திலிருந்தும் துரத்தி சலவைக்கும் சமையலுக்கும் தள்ளினார்கள். கட்டை பிரம்மச்சாரிகளாகத் துணி துவைத்தவர்களைப் பார்த்து அவர்கள் சுபாவமே அப்படி என்றார்கள். ஒரே ஆளைப் பற்றி எதிரெதிரான இரண்டு முத்திரைகள். இரண்டும் அவனைப் பற்றியவை அல்ல.

இந்த வரிசையில் இந்தியர் எங்கே? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1920 முதல் 1940 வரை 'ஹிந்து' என்பது ஓர் இனத்தின் பெயர். நாகூர் மரைக்காயர் போயிருந்தாலும், பாளையங்கோட்டை கிறிஸ்தவர் போயிருந்தாலும், இனம்: ஹிந்து. 1923ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' அல்ல, குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு 1970 கணக்கெடுப்பில் இந்தியரை வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1980ல் எடுத்து 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் கொடுத்தார்கள். ஆள் அதே ஆள்தான், பத்தாண்டுக்கு ஒரு இனம்.

இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்திக் கொண்டவர்களும் உண்டு. 1910களிலிருந்து கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த பஞ்சாபி ஆண்கள் சில நூறு பேர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தார்கள். திருமண உரிமம் கொடுக்கும் எழுத்தர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்து, இருவரும் ஒரே நிறம்தானே என்று இனக் கட்டத்தில் 'பிரவுன்' என்று எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. மொழி வேறு, மதம் வேறு, கண்டம் வேறு. தோல் ஒத்துப் போனதால் சட்டத்துக்கு அது 'இனம் கடந்த' திருமணமே இல்லை.

இப்போது 1967க்கு வருவோம். அமெரிக்காவில் இந்தப் பேச்சு வந்தால் லவிங் தம்பதி பெயர் வராமல் இருக்காது. ரிச்சர்ட் வெள்ளையர், மில்ட்ரெட் கருப்பு-செவ்விந்தியக் கலப்பு. வர்ஜீனியாவில் தடை என்பதால் 1958 ஜூனில் வாஷிங்டன் போய் மணந்து ஊர் திரும்பினார்கள். ஜூலையில் ஒரு நள்ளிரவு ஷெரிஃப் டார்ச் விளக்கோடு படுக்கையறைக்குள் நுழைந்தார். சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழைக் காட்டியபோது, இங்கே அது செல்லாது என்றார். ஓராண்டுச் சிறை, 25 ஆண்டு மாநிலத்துக்குள் சேர்ந்து வராமல் இருந்தால் தண்டனை நிறுத்தம். கடவுள் வெள்ளை, கருப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டத்தில் வைத்தார், கலக்க வேண்டாம் என்பதே அவர் எண்ணம் என்று எழுதினார் விசாரித்த நீதிபதி. 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அப்போது இன்னும் 16 மாநிலங்களில் தடை இருந்தது.

தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் அந்தத் தீர்ப்பில் சுட்டிக்காட்டிய ஒன்று உங்கள் தம்பிக்கு நேராகப் பொருந்தும். வர்ஜீனியா சட்டம் எல்லாக் கலப்பையும் தடுக்கவில்லை. வெள்ளையர் சம்பந்தப்பட்டதை மட்டுமே தடுத்தது. கருப்பரும் ஆசியரும் மணந்தால் அதற்கு அக்கறை இல்லை. ஆக, காக்க நினைத்தது 'இனத் தூய்மை'யை அல்ல, வெள்ளையரின் மேல்தட்டை. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனும் ஜமைக்காவிலிருந்து போன டொனால்ட் ஹாரிஸும் (கமலா ஹாரிஸின் பெற்றோர்) 1963ல் மணந்தார்கள். அவர்கள் இருந்த கலிஃபோர்னியாவில் தடை 1948லேயே நீங்கிவிட்டது. வர்ஜீனியாவில் மணந்திருந்தாலும் அந்தச் சட்டம் இவர்களைத் தொட்டிருக்காது.

கவனிக்க வேண்டியது, சட்டம் மாறியபோது மக்களில் ஐந்தில் ஒருவர்தான் ஏற்றார்கள். மனம் பின்னால் நடந்து வந்தது, அதுவும் முப்பது ஆண்டு எடுத்துக்கொண்டு. அலபாமா தன் அரசியல் சட்டத்தில் செத்துக்கிடந்த அந்தத் தடை வாசகத்தை 2000ல்தான் வாக்கெடுப்பு வைத்து நீக்கியது. அப்போதும் சுமார் 40 சதவீதம் பேர் நீக்க வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2019 வரை வர்ஜீனியாவில் திருமண உரிமம் வாங்க இனத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஒரு கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) தேர்ந்தெடுக்கக் கொடுத்த பட்டியலில் 200க்கும் மேற்பட்ட 'இனங்கள்', அவற்றில் 'ஆரியர்', 'முலாட்டோ' (கருப்பர்-வெள்ளையர் கலப்பு) எல்லாம் உண்டு. மூன்று ஜோடிகள் வழக்குப் போட்ட பிறகே அது போனது. (நம் பக்கமும் அதே 1967ல்தான் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொடுத்தது. அதுவரை ஊர் அதை எப்படி ஏசியது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும்.)

அடுத்து, "நிலைக்காது". இதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அந்தக் கால்வாசியும் எல்லோருக்கும் பொருந்தாது. 2002ல் எடுத்த ஒரு தேசியக் குடும்ப ஆய்வின் தரவை வைத்து 2008ல் வந்த அலசல், முதல் பத்தாண்டில் முறிவைப் பார்த்தது. கருப்புக் கணவர்-வெள்ளை மனைவி ஜோடிகளில் முறிவு, இருவரும் வெள்ளையரான ஜோடிகளைவிட அதிகம். வெள்ளைக் கணவர்-கருப்பு மனைவி ஜோடிகளிலோ அதைவிடக் குறைவு. அதே இரண்டு இனம், திசை மாறினால் விடையும் மாறுகிறது. அப்படியானால் முறிப்பது கலப்பு அல்ல. எந்த வயதில் மணந்தார்கள், எவ்வளவு படிப்பு, முதல் திருமணமா, சொந்தக்காரர்கள் கைகொடுத்தார்களா கைவிட்டார்களா என்பவை கணக்கில் வந்ததும் இனத்தின் பங்கு வெகுவாகக் குறைகிறது. இந்தியக் கணவர்-கருப்பு மனைவி ஜோடிகள் மிகக் குறைவு என்பதால் இப்படிப்பட்ட ஆய்வுகளில் தனி வரியாகவே வருவதில்லை. யாராவது உங்களிடம் அதற்கு ஒரு சதவீதம் சொன்னால் எங்கே படித்தார் என்று கேளுங்கள். இதில் வீட்டாருக்கு ஒரு பங்கு இருக்கிறது: "நிலைக்காது" என்று சொல்லி ஒதுங்குபவர்களே அது நிலைக்காமல் போகும் வாய்ப்பைக் கூட்டுகிறார்கள்.

பிள்ளைகள் விஷயம். இந்த வாதம் பெரும்பாலும் அன்பு வேடம் போட்டுத்தான் வரும். 2009ல் லூசியானாவில் திருமணம் செய்துவைக்கும் அதிகாரமுள்ள ஓர் உள்ளூர் நீதிபதி, ஒரு கருப்பர்-வெள்ளையர் ஜோடிக்குத் திருமணம் செய்துவைக்க மறுத்துவிட்டு, நான் இனவெறியன் இல்லை, பிறக்கும் குழந்தைகளை நினைத்துத்தான் என்றார். அடுத்த மாதமே பதவி விலக நேர்ந்தது. 2000ல்தான் அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க முதன்முதலாக அனுமதித்தது. 2020ல் அப்படிக் குறித்தவர்கள் 3 கோடியே 38 லட்சம், அதாவது பத்தில் ஒருவர். கேள்வி கேட்ட விதம் மாறியதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம், ஆனாலும் இத்தனை பேரை 'எந்தப் பக்கமும் சேராதவர்கள்' என்று சொல்ல முடியாது. அதற்காகத் தொல்லையே இராது என்று சொல்லமாட்டேன். 2024 ஜூலையில் சிகாகோவில் கருப்பினப் பத்திரிகையாளர் கூட்டத்தில் டிரம்ப், கமலா ஹாரிஸ் முன்பு இந்தியர் என்றே காட்டிக்கொண்டவர், திடீரென்று கருப்பர் ஆகிவிட்டார் என்றார். அப்போது துணை அதிபராக இருந்தவரிடமே "நீ எது?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்கமாட்டார்களா? பதிலை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் பிள்ளை தடுமாறாது. "அம்மா இது, அப்பா இது, நான் ரெண்டும்" என்பது போதும்.

வெளியில் என்ன நடக்கும்? பெரும்பாலும் வசை அல்ல, சின்னச் சின்னத் தப்புக் கணக்கு. உணவகத்தில் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டு முடித்த பிறகும் "பில் தனித்தனியாகவா?" என்பார்கள். கடை வரிசையில் இருவரையும் தனித்தனி வாடிக்கையாளர் என்று நினைத்து நடுவில் ஒருவர் புகுந்துவிடுவார். பின்னால் குழந்தை அப்பா நிறத்தில் பிறந்தால் பூங்காவில் அம்மாவிடம் "எத்தனை நாளாக இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்ற கேள்வி வரும். இணையத்தில் வேறு மாதிரி: 2013ல் சீரியோஸ் என்ற காலை உணவின் விளம்பரத்தில் கருப்பு அப்பா, வெள்ளை அம்மா, ஒரு சிறுமி வந்ததற்கே யூடியூபில் கருத்துப் பெட்டியை மூடும் அளவுக்கு வசை கொட்டியது. நிறுவனம் விளம்பரத்தை எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே குடும்பத்தை சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி) விளம்பரத்துக்குக் கூட்டிவந்தது.

இதெல்லாம் ஒரு பக்கம். பெண் வீட்டில் உங்களைப் பற்றியும் ஒரு பட்டியல் இருக்கும். இந்தியப் பையன்கள் பழகுவார்கள், கல்யாணம் என்றதும் ஊரில் அம்மா பார்த்த பெண்ணுக்குப் போய்விடுவார்கள். வேலை விசாவில் இருப்பவன் கிரீன் கார்டுக்காகச் சுற்றுகிறான். அவர்கள் வீட்டில் நிறம் பார்ப்பார்கள். முதல் இரண்டும் முத்திரை. மூன்றாவது, உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, மறுக்க முடியாது. அதனால் தம்பி அவர்கள் வீட்டுக்குப் போகும்போது "எங்க வீட்ல அதெல்லாம் பார்க்க மாட்டாங்க" என்று பொய் சொல்ல வேண்டாம். யார் சம்மதம், யார் இல்லை, அவர்களைத் தான் எப்படிச் சமாளிக்கப் போகிறான் என்று நேராகச் சொல்வதே மதிப்பைக் கொடுக்கும்.

இனி காகித வேலை. முத்திரைகள் நிஜமாகவே சேதம் செய்யும் இடம் இது. பெண் அமெரிக்கக் குடிமகள் என்றால், மணமான பின் ஐ-130 (கணவருக்காக மனைவி போடும் மனு), ஐ-485 (கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம்) இரண்டையும் சேர்த்தே தாக்கல் செய்யலாம். பிறகு நேர்காணல். பொது மொழி இல்லாமை, பெரிய வயது வித்தியாசம், முற்றிலும் வேறு பின்னணி ஆகியவற்றை அதிகாரிகள் பழைய காலம் முதலே சந்தேகக் குறிகளாகப் பார்க்கிறார்கள். சட்டம் இனத்தைக் கேட்பதில்லை, ஆனால் 'வேறு பின்னணி' என்ற கட்டத்தில் உங்கள் தம்பி தானாகவே விழுவார். இதற்கு மாற்று, கூட்டு வாழ்க்கையின் சாதாரணக் காகிதங்கள்: இருவர் பெயரிலும் வீட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு (திறந்தால் போதாது, அதில் மளிகைச் செலவும் கரண்ட் பில்லும் ஓடியிருக்க வேண்டும்), சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, ஒருவர் காப்பீட்டில் மற்றவர் பெயர், இரு குடும்பத்தாரோடும் வெவ்வேறு நாளில் எடுத்த படங்கள். ஒரே நாளில் ஒரே உடையில் எடுத்த நாற்பது படம் எதற்கும் உதவாது.

தமிழ்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதிகாரி கேட்பார்: உங்கள் பெற்றோருக்கு இந்தத் திருமணம் தெரியுமா? ஊரில் சொல்லாமல் மறைத்திருந்தால் பதில் "இல்லை". நமக்கு அது குடும்பச் சங்கடம், அவருக்கு அது போலித் திருமணத்தின் அடையாளம். சந்தேகம் முற்றினால் இருவரையும் தனித்தனி அறையில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுவார்கள்: கட்டிலில் யார் எந்தப் பக்கம், நேற்று இரவு என்ன சாப்பாடு. ஆகவே பெற்றோரிடம் சொல்வதை விண்ணப்பத்துக்கு முன் முடித்துவிடுவது நல்லது. சம்மதம் வராவிட்டாலும் தகவல் தெரிந்திருக்க வேண்டும். நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும் நாளில் மணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்காவிட்டால் வருவது இரண்டு ஆண்டு அட்டைதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 (அதை நிரந்தரமாக்கக் கோரும் மனு) போட வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிடுபவர்கள் உண்டு.

கல்யாணத்தை எங்கே சட்டப்படி நடத்துவது? தம்பி இந்து, பெண் கிறிஸ்தவர் என்றால், மதம் மாறாமல் இந்துத் திருமணச் சட்டத்தில் வராது. கோயிலில் தாலி கட்டினாலும், சுயமரியாதை முறையில் மாலை மாற்றினாலும் அதே நிலைதான், ஏனென்றால் அந்த 1967 திருத்தமும் இரண்டு இந்துக்களுக்கானது. மண்டபம் பிடித்து ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்ட பிறகு சார் பதிவாளர் அலுவலகத்தில் கையை விரிப்பார்கள். தமிழ்நாட்டில் நடத்துவதானால் 1954ம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த எல்லைக்குள் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அதன் பிறகு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது 30 நாள் பலகையில் இருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மூன்று வார லீவில் வருபவருக்கு இது நடக்காத காரியம்.

அதனால் பெரும்பாலோர்க்குச் சுலபமான வழி அமெரிக்காவிலேயே கவுண்டி எழுத்தரிடம் உரிமம் வாங்கி மணந்துகொண்டு, ஊரில் விருந்தும் சடங்கும் மட்டும் வைப்பது. நியூயார்க்கில் உரிமம் வாங்கி 24 மணி நேரம் கழித்து மணக்கலாம், உரிமம் 60 நாள் செல்லும். கலிஃபோர்னியாவில் காத்திருப்பு இல்லை, 90 நாள் செல்லும். சான்றிதழுக்கு அந்த மாநிலத்திலேயே அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்க உதவும் அரசுச் சான்று) வாங்கிக்கொண்டால் இந்தியாவில் காட்டலாம். மனைவிக்கு ஓசிஐ அட்டை (ஆயுள் விசா போன்றது) கேட்க, பதிவான திருமணம் இரண்டு ஆண்டு தொடர்ந்திருக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு வருகைக்கும் செல்லத்தக்க விசா வேண்டும்.

அந்தப் பெண்ணின் முதல் வருகையைக் கல்யாண வரவேற்புக்கு வைக்காதீர்கள். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் இடம் அது. அதற்கு முன்னால் வேலை வெட்டியில்லாத ஒரு வாரம் வரவழையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் இரண்டே விஷயம் சொல்லி வையுங்கள்: முடியைத் தொட்டுப் பார்த்து "நிஜமா?" என்று கேட்க வேண்டாம். அவர் எதிரில் நிறத்தைப் பற்றித் தமிழில் பேசினால் புரியாது என்று நினைக்க வேண்டாம், 'கருப்பு' என்ற சொல்லைத் தம்பி இதற்குள் சொல்லிக் கொடுத்திருப்பான்.